அம்மா காக்கையாக வருகிறாரா? ஒரு மகளின் கேள்விக்கு என் பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரியவேண்டும். அம்மா கடைசி ஆறு வருடம் உங்கள் வீட்டில்தான் இருந்தார். போன தை மாதம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் மொட்டை மாடியில் இலை போட்டுப் படைத்தபோது, ஒரு மணி நேரம் ஆகியும் காக்கா எடுக்கவில்லை. "ஏதோ மனக்குறையோடதான் போயிருக்கா" என்று பெரியம்மா எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இந்த எட்டு மாதமாக, தினமும் காலையில் ஒரு காக்கா சமையலறை ஜன்னல் திட்டில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்து உங்களையே பார்க்கிறது. அம்மாதான் வருகிறார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, மனசு லேசாகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "பைத்தியமா உனக்கு" என்கிறார். அம்மாவுக்கு நிஜமாகவே குறையா, எனக்குப் புத்தி பேதலிக்கிறதா, வருஷ திதிக்கும் காக்கா எடுக்காமல் போனால் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பாலியேட்டிவ் கேர் நர்ஸ். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. புற்றுநோய் முற்றியவர்கள், படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. ஆள் போன பிறகும் ஒன்றிரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போவோம், இருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க. அப்போது காபி கொடுத்துவிட்டு, மற்றவர்கள் உள்ளே போனபிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பிப்பார்கள்: "சிஸ்டர், சொன்னா சிரிக்கக் கூடாது..." நீங்கள் எழுதியதும் அப்படித்தான் என் காதில் விழுந்தது. நான் சிரிக்கவில்லை. இதுவரை ஒருவரிடமும் சிரித்ததில்லை.

பெரியம்மா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் அறுப்பது அதுதான் என்று தெரிகிறது.

காக்கை புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும் பறவை. பழகாத பாத்திரம், பழகாத இடம், பழகாத கூட்டம் எது இருந்தாலும் முதலில் தள்ளி உட்கார்ந்து பார்க்கும். பறவைகளை ஆராய்கிறவர்கள் காக்கை இனத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கண்டிருக்கும் விஷயம் இது. அதன் புத்திசாலித்தனமே அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது. இப்போது அன்றைக்கு உங்கள் மொட்டை மாடி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். உச்சி வெயில். ஷாமியானா. இருபது முப்பது பேர் சுற்றி நின்று "கா, கா" என்று கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேர் கையில் செல்போன், வீடியோ எடுக்க. வழக்கமாகச் சோறு இருக்கும் இடம் சமையலறைத் திட்டு. அன்றைக்கு மாடியில், தலைவாழை இலையில். அந்த நிலைமையில் இறங்கி வந்து கொத்திக்கொண்டு போகிற காக்காவைத்தான் நான் அதிசயமாகப் பார்ப்பேன்.

காக்கா எடுக்காததை இறந்தவரின் கோபமாகப் படித்ததால் உடைந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் மூத்த மகன், அப்பாவுக்குத் தான்தான் குறை வைத்துவிட்டோம் என்று தம்பியோடு இரண்டு வருடம் பேசவில்லை. அந்தப் பெரியவருக்குக் கடைசி மூன்று மாதம் மலச்சட்டி எடுத்தவன் அந்த மகன்தான். நானே கண்ணால் பார்த்தேன். உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: ஆறு வருடம் கூடவே வைத்துப் பார்த்திருக்கிறீர்கள், கடைசி வாரத்தில் பாலை ஸ்பூனில் எடுத்து உதட்டில் நனைத்திருக்கிறீர்கள். ஒரு காக்கா ஒரு மத்தியானம் தயங்கியதை வைத்து அதற்கு மார்க் போடாதீர்கள். யாரையும் போடவும் விடாதீர்கள்.

அடுத்து, ஜன்னலுக்கு வருகிற காக்கா. உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: அம்மா தினமும் உலை வடித்ததும் முதல் கரண்டிச் சோற்றை நசுங்கிய எவர்சில்வர் மூடி ஒன்றில் எடுத்து அந்தத் திட்டில்தான் வைப்பார் என்று. அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

காக்கைக்கு மனித முகம் நினைவிருக்கும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் 2006இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு ஆதிமனிதன் முகமூடியை மாட்டிக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். பிறகு யார் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் காக்கைகள் கூட்டம் கூடிக் கத்தின. வருடக்கணக்காகக் கத்தின. பிடிபடாத காக்கைகளும், பின்னால் பிறந்த குஞ்சுகளும்கூடச் சேர்ந்துகொண்டன. அது வேறு வகைக் காக்கை, நம் ஊர் வீட்டுக் காக்கைக்குப் பங்காளி முறை. பகையை இப்படி நினைவு வைத்துக்கொள்கிற இனம், ஆறு வருடம் தவறாமல் முதல் கரண்டிச் சோறு போட்ட கையை மறந்துவிடுமா?

அதனால் நான் நினைப்பது இதுதான். ஜன்னலில் வந்து உட்காருவது அம்மாவா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது அம்மாவைத் தெரிந்த காக்காவாக இருக்க எல்லா நியாயமும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரைவிடவும், ஏன் உங்களைவிடவும், காலை ஆறரை மணி அம்மாவை அதிகம் பார்த்தது அதுவாக இருக்கலாம். அது தலையைச் சாய்த்து உள்ளே பார்க்கிறது என்றால் தேடுகிறது. நீங்கள் தேடுகிற அதே ஆளை. இதைவிடப் பெரிய தொடர்பு ஒன்றை நான் உங்களுக்குக் கற்பனை செய்து தரவேண்டியதில்லை.

பைத்தியமா என்ற கேள்விக்கு வருகிறேன். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் டெவி ரீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார், கிராமத்துக் குடும்ப மருத்துவர். கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் நேரில் உட்கார்ந்து பேசி, 1971இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். கூடவே இருப்பதுபோல் தோன்றியதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 39 பேர். கண்ணால் கண்டதாகச் சொன்னவர்கள் 14, குரல் கேட்டவர்கள் 13. பெரும்பாலானவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. பயந்தவர்கள் மிகச் சிலர். நீண்ட காலம் இணக்கமாக வாழ்ந்தவர்களிடம் இது அதிகம் தென்பட்டது. இதில் என்னைத் தொட்டது வேறொரு கணக்கு: பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அந்த டாக்டர் கேட்கும்வரை யாரிடமும் சொன்னதே இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஜப்பானில் கணவனை விபத்தில் இழந்த 20 பெண்களிடம் கேட்டபோது 18 பேர் கணவர் பக்கத்தில் இருப்பதை உணர்கிறோம் என்றார்கள். அங்கே வீட்டிலேயே முன்னோர் மாடம் வைத்துச் சோறும் தண்ணீரும் வைக்கிற பழக்கம் உண்டு, அதனால் அவர்களுக்கு அதைச் சொல்லக் கூச்சம் குறைவு. நம் வீட்டுப் போட்டோவும், மாலையும், சின்ன பல்பும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

என் வீட்டுக் கதை ஒன்று. அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கும், 'டக்' என்று ஒரே சத்தம். உடனே அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார். அப்பா இறந்து நாலு மாதம் வரை அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பாதித் தூக்கத்தில் எழுந்து "அப்பா வந்துட்டாரு, தட்டு எடுத்து வை" என்பார். நாங்கள் பிள்ளைகள் பயந்து நடுங்குவோம். அப்பாவைப் பெற்ற ஆத்தா மட்டும் திண்ணையில் படுத்தபடியே, "வந்தா வரட்டும்டி, அவன் வீடுதானே" என்பார். இப்போது யோசித்தால் புரிகிறது. பதினெட்டு வருடம் அந்த ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்த பெண்ணுக்கு, பக்கத்து வீட்டுக் கொண்டிச் சத்தம்கூட ஸ்டாண்டு சத்தமாகக் கேட்பதில் என்ன வியப்பு? மூளை பழகிய தடத்தில்தான் ஓடும். இறந்த செய்தி அதற்கு மெதுவாகத்தான் போய்ச் சேருகிறது.

ஒரு நாள் காலையில் அம்மா எழுந்து, "நேத்து சத்தம் கேக்கலடி" என்று சொல்லிவிட்டு அழுதார். எடுத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காக்கையையும் பிரிவையும் முடிச்சுப் போட்டது நேற்று இன்று நடந்த காரியமில்லை. குறுந்தொகையில் 210ஆம் பாட்டு. தலைவன் ஊரில் இல்லை, தலைவி வாடிக் கிடக்கிறாள், வீட்டு வாசலில் காக்கை கரைகிறது. விருந்து வரப்போகிறது என்று அவள் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு உயிர் தரிக்கிறாள். அவன் திரும்பி வந்ததும் தோழி சொல்கிறாள்: அந்தக் காக்கைக்கு நெய் கலந்த வெண்ணெல் சோற்றை ஏழு பாத்திரத்தில் ஏந்திக் கொடுத்தாலும் கொஞ்சம்தான் என்று. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் வந்துவிட்டது. பக்கத்தில் இல்லாதவர்களின் செய்தியைக் கொண்டு வரும் பறவை அது, அன்றைக்கே. திருக்குறளில் இல்வாழ்வான் பேணவேண்டிய ஐந்து பேரை எண்ணும்போது, தென்புலத்தார் என்று முதலில் வருவது இறந்த முன்னோர். அவர்களுக்குப் பிறகுதான் தெய்வம், விருந்து, சுற்றம், தான். செத்தவர்களை வீட்டுக் கணக்கிலிருந்து எடுக்காமல் முதல் ஆளாக வைத்த மரபு இது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைச் சுமக்கிறவன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, அவனைப் பெயர் சொல்லித் திட்ட மாட்டேன் என்கிற மருமகள்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கனவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வரும், அல்லது வரவில்லையே என்று ஏங்குவீர்கள். 'நனவினால் நல்கா தவரைக் கனவினால் காண்டலின் உண்டென் உயிர்' என்ற குறள் பிரிந்த காதலனைப் பற்றியதுதான். நான் அதைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்லியிருக்கிறேன், அவர் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஆரம்பத்தில் பலருக்குக் கனவில் வருவது நோயாளி முகம்தான். மூக்கில் டியூப், ஒட்டிய கன்னம். அதனால் பயப்படுவார்கள். நாளாக ஆக, பெரும்பாலும் நல்ல முகமாக மாறிவிடுகிறது என்பதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புடவை மடிப்பு சரி செய்தபடி, கீரை ஆய்ந்தபடி வருவார்கள். வரவில்லை என்றாலும் அவர்களுக்கு உங்கள்மேல் வருத்தம் என்று அர்த்தமில்லை. நல்ல தூக்கமே இல்லாதவர்களுக்குக் கனவு எங்கிருந்து வரும்?

இனி, கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டிய விஷயங்கள்.

ஒரு தாய். மகன் பைக் விபத்தில் போய்விட்டான். அவன் வாட்ஸாப்புக்குத் தினமும் ராத்திரி "சாப்டியா கண்ணு" என்று அனுப்புவார். ஒற்றை டிக்கோடு நிற்கும். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. பல மாதம் கழித்து ஒரு நாள் இரண்டு நீல டிக் வந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டார், மகன் படித்துவிட்டான் என்று. மறுநாள் காலையில் அந்த எண்ணில் யாரோ ஒரு முகம் தெரியாத ஆளின் போட்டோ. பயன்படுத்தாமல் ரத்தான எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வாரம் அந்த அம்மாளை நான் பார்த்த நிலையை இங்கே எழுத மனம் வரவில்லை. உங்கள் அம்மாவின் எண் இருந்தால் ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள், இல்லையென்றால் அவர் குரல் இருக்கும் மெசேஜ்களை இன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

குறி கேட்கப் போவதைப் பற்றியும் சொல்லவேண்டும். வட மாவட்டங்களில் பூவாடைக்காரி என்று, வீட்டில் இறந்துபோன பெண்ணையே தெய்வமாகக் கும்பிடுகிற வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பம்பைக்காரர் வர்ணித்துப் பாட, வீட்டில் ஒருத்திக்கு அருள் வந்து, இறந்துபோன பெண்ணின் குரலில் பேசுவாள். குடும்பமே சுற்றி நின்று அழுது, கேட்கவேண்டியதைக் கேட்டு, புதுப்புடவை வைத்துப் படைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது; அன்றைக்கு ராத்திரி அவர்கள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தனியாக வரச்சொல்லி, வீட்டில் சொல்லாதே என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் "உங்கம்மா ஆத்மா இன்னும் அலையுது, இன்னொரு பரிகாரம் செய்யணும்" என்று பணம் கறக்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வளையலை அடகு வைத்துக் கொடுத்த பெண்ணை எனக்குத் தெரியும். துக்கத்தில் இருக்கிறவரைப் பயமுறுத்துகிற யாரிடமும் இரண்டாவது முறை போகாதீர்கள்.

உங்கள் நிலைமையைப் பொறுத்தவரை நான் கேட்பது சில சாதாரணக் கேள்விகள். காக்கா வந்துபோன பிறகு வேலையைப் பார்க்க முடிகிறதா? பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, சாப்பிட்டு, தூங்கி, யாரோடாவது சிரிக்கவும் முடிகிறதா? முடிகிறது என்றால் அது உங்களைத் தாங்குகிறது. அது வரும்வரை ஜன்னலை விட்டு நகர முடியவில்லை, வெளியூர் போக மறுக்கிறீர்கள், வராத நாளில் சாப்பாடு இறங்கவில்லை என்றால் யாரிடமாவது பேசவேண்டிய நேரம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பட்டியலில் நீடித்த துக்கம் என்பது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் ஆளை முடக்கிப் போடுகிற துக்கம். அதுவும் அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியதாக இருக்கவேண்டும் என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறார்கள். நம் வழக்கத்திலும் வருஷ திதி வரை பண்டிகை இல்லை, நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பதில்லை. ஒரு வருடம் அழ அனுமதி கொடுத்திருக்கிற ஊர் நம்முடையது. எட்டாவது மாதத்தில் காக்காவைப் பார்த்துக் கண் கலங்குவதில் ஒரு குறையும் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அம்மா "நீயும் வந்துடு" என்று கூப்பிடுவதுபோல் எப்போதாவது தோன்றினால், அம்மாகிட்டயே போயிடலாம் என்ற நினைப்பு ஒரு நிமிடம் வந்தாலும், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

வீட்டுக்காரரிடம் "அம்மா காக்காவா வர்றாங்க" என்று சொன்னால் அவர் அது உண்மையா பொய்யா என்று வாதாடத்தான் செய்வார். அவருக்குப் பயம், உங்களை இழந்துவிடுவோமோ என்று. பைத்தியம் என்ற வார்த்தை பல ஆண்களுக்கு அந்தப் பயத்தின் பெயர். "அந்தக் காக்காவைப் பாத்தா அம்மா சோறு வைக்கிறது ஞாபகம் வருதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவரும் அந்த மூடியைப் பார்த்திருப்பார். அவருக்கும் மாமியார் நினைவு ஏதாவது இருக்கும், கேளுங்கள். பெரியம்மாவிடம் வாதாட வேண்டாம். அவர் தங்கையை இழந்தவர். மனக்குறை அம்மாவுக்கா அவருக்கா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கடைசி நாட்களில் வந்து பார்க்க முடியாமல் போயிருந்தால், அந்த வலி இப்படி வாய் வழியாக வெளியே வந்திருக்கும்.

என் அம்மா அழுத அந்தக் காலைக்கு வருகிறேன். அடையாளம் நின்றுபோகிற நாளில் ஆளை இரண்டாவது முறை இழந்ததுபோல் இருக்கும். காக்காவும் ஒரு நாள் வராமல் போகும். அதற்கும் வயதாகும், மரம் வெட்டப்படும், இடம் மாறும். அன்றைக்கு ஆத்தா செய்ததைத்தான் நானும் சொல்வேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் கேக்கலன்னா என்னடி, ஒன்பதே முக்காலுக்குக் கல்லைப் போடு, புள்ளைங்களுக்கு ஊத்து" என்றார். எங்கள் வீட்டில் ராத்திரி தோசை அந்த நேரத்துக்குத்தான், இன்றைக்கும்.

திதிக்கு இப்படிச் செய்யுங்கள். ஐயர் சொல்கிற முறையெல்லாம் நடக்கட்டும், அதில் கை வைக்கவேண்டாம். காக்காவுக்கு வைப்பதை மட்டும் மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். கூட்டத்தைக் கூடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒருத்தி மட்டும் சமையலறைக்குப் போங்கள். இலை வேண்டாம். அந்த நசுங்கிய மூடியைத் தேடி எடுங்கள், தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். அதில் சோறும், துளி நெய்யும், எள்ளும் வைத்துத் திட்டில் வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நில்லுங்கள். இன்றிலிருந்தே தினமும் அதே மூடியில் வைத்து வந்தால் இன்னும் நல்லது, திதி வருவதற்குள் அதற்கு உங்கள் கையும் பழகிவிடும்.